நாலாம் நம்பர் பெட்டி

1

டாக்ஸி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அவள் திரும்ப உள்ளே போய் ஃபிரிட்ஜைத் திறந்து, குமிழை நான்கிலிருந்து மூன்றுக்குத் திருப்பினாள். ஒரு கையில் ஸ்கேன் கவர், இன்னொரு கையில் குமிழ்.

"நாலுல வச்சா பால் கட்டியாயிடுதுங்க. எத்தனை தடவை சொல்றது?"

"மூணுல வச்சா மறுநாளே புளிச்சுடுதும்மா. நானும் எத்தனை தடவை சொல்றது?"

பத்தொன்பது வருஷத்து வழக்கு. அவன் திருப்புவான், அவள் திருப்பி வைப்பாள். ஊரில் இருக்கிற ஆராய்ச்சிக்கூடங்களின் குளிர்பெட்டிகளுக்கும் வெப்பப்பெட்டிகளுக்கும் டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகாமல் சூடு வைத்துக் கொடுக்கிறவன், சொந்த வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு எண்ணைக்கூட ஜெயித்ததில்லை. அன்றும் தோற்றான். ஆஸ்பத்திரிக்குப் போக டாக்ஸியில் ஏறினார்கள். பதினொரு நாள் கழித்து அவன் மட்டும் திரும்பி வந்தான்.

இந்தக் கதை ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்டாகத்தான் பிறந்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெட்டியைப் பார்த்து முடித்ததும் மெக்கானிக் நிரப்ப வேண்டிய தாள் அது. தேதி, பெட்டி எண், பழுது, பழுதுக்குக் காரணம், செய்த வேலை. ஒரு வெள்ளிக்கிழமைத் தாளில் கடைசி இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றை நிரப்பத்தான் பேனாவை எடுத்தேன். கட்டம் போதவில்லை.

'அவன்' என்று எழுதியிருக்கிறேனே, அது நான்தான். 'நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது, 'அவன்' என்றால் ஓடுகிறது. ஆகவே இனி அவன் மெக்கானிக். ஒருமுறை சொல்லியாயிற்று, மறுபடி ஞாபகப்படுத்த மாட்டேன்.

2

கைவிட்ட தொடக்கங்களையும் காட்டிவிடுகிறேன்.

"முதலில் அவள் இடது மார்பில் சுண்டைக்காய் அளவில் ஒரு" — இல்லை. அந்தக் கட்டி இந்தக் கதையில் கிடையாது. அதை ஏழு வருஷத்துக்கு முன்பே வெட்டி எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, முளைத்தது. ஐந்து வருஷம் முடிந்ததும் டாக்டர் கை கொடுத்து, "இனிமே என்னைப் பாக்க வராதீங்க" என்று சிரித்தார். அதற்கடுத்த வருஷம் முதுகெலும்பில் வலி வந்தது.

"மனித உடல் என்பது கோடானுகோடி உயிரணுக்களால்" — இது பாடப் புத்தகம். அவள் இருந்திருந்தால், "சார், அட்டென்டன்ஸ் எடுத்துட்டீங்களா?" என்று கேட்டிருப்பாள்.

"அவள் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிறவள்." இது நிற்கட்டும். இருபது வருஷம் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கண்முன் வில்லையை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா? இல்ல, இதுவா?" என்று கேட்டவள். சிலர் பரீட்சை எழுதுகிறவர்களைப் போல் பதறுவார்கள். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்மா, தப்பா சொல்றேனா?" என்பார்கள். அப்போதுதான் அவள் முகம் மலரும். "அதான் வேணும். ரெண்டும் ஒண்ணா தெரிஞ்சா சரியான இடத்துக்கு வந்துட்டோம்னு அர்த்தம்."

(இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. அந்தத் தொழிலில் முறையே அதுதானாம். வித்தியாசம் மறைகிற இடத்தில் நிறுத்த வேண்டும்.)

3

மெக்கானிக் மாதம் ஒருமுறை போகிற கூடம் ஒன்று உண்டு. மூன்றாம் மாடி, ஒரு நீள அறை, சுவரோரம் செல்களை வளர்க்கிற ஆறு வெப்பப்பெட்டிகள். அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண்மணிக்கு அவன் மனைவி வைத்த பெயர் உருண்டை மேடம். மேடம் ஒல்லியானவர். உருண்டைகளை வளர்க்கிறவர், அதனால் அந்தப் பெயர்.

என்ன உருண்டை என்பதை மேடமே ஒருநாள் அவளுக்கு விளக்கினார். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து, அதை ஊசி போட்டு எடுத்திருந்த வாரம் அது. கட்டிலின் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கட்டியில இருக்கிற செல் எல்லாம் ஒரே மாதிரி இல்லீங்க. பெரும்பாலானது பெருகும், பெருகுறப்போ மருந்து அதைப் பிடிச்சுக்கும். கொஞ்சமே கொஞ்சம் மட்டும் வேற ஜாதி. ஸ்டெம் செல், குருத்தணுன்னு சொல்வோம். அதுங்க பெருகாம தூங்கும். மருந்து வந்துட்டுப் போற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டு இருக்கும். எலும்புக்குள்ள போய் வருஷக்கணக்கா கிடக்கும்."

"அப்புறம்?"

"பாத்திரத்தை எவ்வளவு தேய்ச்சாலும் ஓரத்துல ஒரு சொட்டு மோர் ஒட்டியிருந்தா, அடுத்து ஊத்துற பால் என்ன ஆகும்?"

"உறைஞ்சுடும்."

"அதேதான்."

அவள் கூரையைப் பார்த்தாள். "அஞ்சு வருஷம் முடிஞ்சுடுச்சுன்னு கை கொடுத்தாரே டாக்டரு, அப்போ அது உள்ள தூங்கிக்கிட்டுதான் இருந்துச்சா?"

"அப்படித்தான் நினைக்கிறோம்."

"நினைக்கிறீங்க."

"உறுதியா தெரியாதும்மா. சில பேர், அது பிறவியிலேயே அப்படின்னு சொல்றாங்க. சில பேர், அது ஆள் இல்ல, நாற்காலின்னு சொல்றாங்க. உட்கார்ந்திருக்கிறதைக் கொன்னா பக்கத்துல இருக்கிற சாதா செல்லு வந்து உட்கார்ந்துக்குதாம்."

"எங்க கடையில மேனேஜர் பதவி மாதிரி" என்றாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

(அவளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நல்ல மார்பிலும் இந்தக் குருத்தணு இருக்கிறதாம். பிள்ளை உண்டானால் பால் சுரக்கும் குழாய்களைக் கட்டுவது அதன் வேலை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த வேலைக்காகக் காத்திருந்த ஒன்றுதான் வேறு வழியில் — இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. அது உண்மையுமில்லை, நியாயமுமில்லை.)

ஊசி போட்டு எடுத்த அந்த நீரில் இருந்த செல்களை எதிலும் ஒட்ட முடியாத தட்டில், பட்டினியாக மிதக்க விடுவார்களாம். மற்றவை பிடிமானமில்லாமல் செத்துவிடும். குருத்தணு மட்டும் தாக்குப்பிடித்து, தன்னிலிருந்தே பெருகி உருண்டையாகும். அந்த உருண்டைமேல் மருந்துகளைச் சோதிப்பார்கள்.

"இதால நான் பிழைப்பேனா?"

"இல்லம்மா."

"வேற யாராச்சும்?"

"அதையும் இப்ப சொல்ல முடியாது."

அந்தப் பதிலுக்காகத்தான், செல்களை ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அவள் பேனாவைக் கேட்டாள். பொய் சொல்கிறவராக இருந்தால் கொடுத்திருக்க மாட்டாளாம். கையெழுத்துப் போட்டுவிட்டு, "மேடம், உங்க இடது கண்ணுக்குப் பவர் ஏறியிருக்கு. கடைக்கு வாங்க" என்றாள்.

படிவத்தின் கடைசிக் கேள்வி: என் மறைவுக்குப் பின் செல்களை என்ன செய்யலாம்? தொடர்ந்து வைத்திருக்கலாம், அழித்துவிடலாம், குடும்பத்தினர் முடிவுக்கு விடலாம் என்று மூன்று கட்டங்கள். அவள் மூன்றாவதில் டிக் செய்தாள்.

"ஏன்?" என்றான் மெக்கானிக்.

"வீட்டுல எல்லாத்தையும் நானே முடிவு பண்றேன்னு மூக்கால அழுவீங்கள்ல? இது ஒண்ணு உங்களுக்கு. வச்சுக்கோங்க."

4

அவள் போய் ஏழாவது வாரம். வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி. மறுநாளிலிருந்து கூடத்துக்கு விடுமுறை, திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள்.

நாலாம் நம்பர் பெட்டியின் சூட்டைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் பெட்டியை 'சர்வீஸ்' நிலையில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் அலாரம் ஊமையாகிவிடும், மேடத்தின் ஃபோனுக்கும் செய்தி போகாது. இல்லாவிட்டால் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது ஊரைக் கூட்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மெக்கானிக் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒருமுறை அதை மறந்திருக்கிறான், தொழில் கற்ற புதிதில்.

சூடு முப்பத்தேழு. சரி. கரியமில வாயு ஐந்து சதவீதம். அதுவும் சரி, அது தீர்ந்தால் செல்கள் பிழைக்காது. ஆனால் வாயு வருகிற சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. புது சிலிண்டர் பக்கத்திலேயே சங்கிலி போட்டு நின்றது. ஸ்பேனரை எடுத்தால் ஐந்து நிமிட வேலை.

ஸ்பேனரை எடுத்தான். அப்போது உருண்டை மேடம் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

"பாக்குறீங்களா?"

யாருடையது என்று அவன் கேட்கவில்லை.

ஒரு ராட்சசனைப் பார்க்கப்போகிறோம் என்று நினைத்துத்தான் குனிந்தான். வெளிச்சத்தில் உருண்டைகள் மிதந்தன. ஒன்றோடொன்று நெருங்கிய குமிழிகளின் கொத்து, விளிம்பில் மெல்லிய ஒளி. அழகாக இருந்தது. (இந்தச் சொல்லை இரண்டு முறை அடித்தேன். மூன்றாம் முறை விட்டுவிட்டேன்.)

"பல பேரோடது ரெண்டு வாரம்கூட நிக்காது" என்றார் மேடம். "உங்க வீட்டம்மாவோடது சரியான பிடிவாதம்."

"அது தெரிஞ்ச விஷயம்தானே மேடம்."

"திங்கட்கிழமை கொஞ்சத்தை உறைய வச்சுப் பத்திரப்படுத்திடுவேன். அதுவரைக்கும் இருக்கிறதெல்லாம் இந்த நாலாம் நம்பர்லதான்." குடுவையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

மெக்கானிக் ஸ்பேனரைப் பையில் போட்டான். பையை மாட்டினான். படியிறங்கி வீட்டுக்குப் போனான்.

5

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

ஸ்பேனரைப் பையில் போட்டபோது அவன் மறந்தானா? கை நடுங்கியது, கண் கலங்கியது, சிலிண்டர் நினைவில் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். பாவம் என்பீர்கள். ஆனால் கை நடுங்கவில்லை. பையின் ஜிப்பைப் போட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மடக்கிய ரிப்போர்ட் தாளைச் சட்டைப்பையில் வைத்ததும் நினைவிருக்கிறது. ஜிப்பை நினைவில் வைத்திருக்கிறவன் சிலிண்டரை மறப்பானா?

மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டான் என்று எழுதிப் பார்த்தேன். அதுவும் பொருந்தவில்லை. அவ்வளவு துணிச்சல் இருக்கிறவன் ஃபிரிட்ஜ் குமிழ் விஷயத்திலாவது ஒருநாள் ஜெயித்திருப்பான்.

6

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பெரியவள் வந்தாள். மனைவியின் அக்கா. மெக்கானிக்கும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவான். ஆஸ்பத்திரியின் பதினொரு நாளும் பெஞ்சில் படுத்தவள். கையில் ஒரு தாள், 'செல்களைத் திரும்பப் பெற்று அழிக்கக் கோரும் படிவம்.' எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருந்தாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

"போடுங்க தம்பி."

"உட்காருங்க அக்கா. தண்ணி கொண்டு வர்றேன்."

"தண்ணி இருக்கட்டும். எனக்கு ராத்திரி கண்ணை மூடினா அது ஊறுற மாதிரியே இருக்கு. அவளைத் தின்னுச்சு. அதுக்குச் சூடு வச்சு, சோறு போட்டு, காவலும் காக்குறாங்க. காவக்காரன் யாருன்னு பாத்தா நீங்க."

"நான் பெட்டிக்குத்தான் மெக்கானிக்கு. உள்ள இருக்கிறது என் பொறுப்பு இல்ல."

"நல்லா பேசுறீங்க. நாளைக்கு என்னைத் தின்ன வந்தா அதுக்கும் கதவு ரிப்பேர் பண்ணிக் கொடுப்பீங்க."

"அதுவும் அவ உடம்புல இருந்து வந்ததுதானே அக்கா."

"அப்படியா? அப்போ வாங்க, நான் போய் அதுகிட்டப் பேசுறேன். ஏன்டி என்கிட்டச் சொல்லாமப் போனேன்னு கேக்குறேன். பதில் சொல்லுமா?"

பெரியவள் படிவத்தை அவன் முன் நீட்டினாள்.

"அவ போயிட்டா, தம்பி. அது மட்டும் இருக்கு. அதை என்னால தாங்க முடியல." குரல் உடைந்தது. உடனே ஒட்டவைத்துக்கொண்டாள். "உங்களை நான் ஒண்ணும் பெருசா செய்யச் சொல்லல. ஒரு கையெழுத்து. இல்லாட்டி ஒண்ணுமே செய்யாம சும்மா இருங்க, நானே போய்ப் பேசிக்கிறேன்."

சும்மா இருங்க.

அந்த வார்த்தை விழுந்ததும் சிலிண்டரின் முள் அவன் கண்ணெதிரே வந்து நின்றது. சும்மா இருந்தால் போதும். கையெழுத்து வேண்டாம், மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம். இந்நேரம் வாயு தீர்ந்துகொண்டிருக்கும். குடுவையில் இருக்கிற இளஞ்சிவப்புத் திரவம் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். திங்கட்கிழமை, பழுதுக்குக் காரணம்: மெக்கானிக்கின் மறதி. ஏழு வாரத் துக்கக்காரனை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

மனைவி அவனுக்கென்று விட்டுப்போன ஒரே முடிவு, தானாகவே நடந்து முடிந்துவிடும்.

"அக்கா, செருப்பைப் போடுங்க" என்றான். "பேசணும்னு சொன்னீங்கள்ல, போவோம்."

ஏன் அவளையும் கூட்டிப் போனான் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தனியாகப் போனால் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்று பயந்திருக்கலாம்.

7

பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அவன் சிலிண்டர் விஷயத்தைச் சொன்னான். பெரியவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"வேணும்னே விட்டீங்களா?"

"தெரியல அக்கா."

"தெரியலையா, சொல்ல முடியலையா?"

"தெரியல."

"அவகிட்ட இப்படிச் சொல்லித்தான் பத்தொன்பது வருஷம் தப்பிச்சீங்களா?"

காவலாளி மெக்கானிக்கின் அடையாள அட்டையைப் பார்த்து உள்ளே விட்டார். மூன்றாம் மாடியில் ஆளரவம் இல்லை. ஆறு பெட்டிகளின் ஓசை மட்டும். நாலாம் நம்பரின் முகப்பில் பச்சை எழுத்து: சூடு 37.0. அதன் கீழே வாயு: 2.1. அவன் பார்த்துக்கொண்டிருந்தபோதே 2.0 ஆனது. சர்வீஸ் விளக்கு மஞ்சளாக எரிந்தது. அலாரம் இல்லை.

வெளிக்கதவைத் திறந்தான். உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கப்பால் தட்டுகளில் குடுவைகள்.

"எது?"

"மேல் தட்டு. இடது ஓரம்."

பெரியவள் தன் கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள். தங்கை பவர் பார்த்துக் கொடுத்த கண்ணாடி அது. குடுவைமேல் பெயர் இல்லை, எண் மட்டும்: 17. திரவத்தின் சிவப்பில் லேசாக ஊதா கலந்திருந்தது.

"ஒண்ணுமே தெரியலையே. கலர் தண்ணி மாதிரி இருக்கு."

"வெறும் கண்ணுக்குத் தெரியாது அக்கா."

அவள் உள்ளங்கையைக் கண்ணாடிக் கதவில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"சூடா இருக்கு."

"முப்பத்தேழு."

"உடம்புச் சூடு" என்றாள். மெக்கானிக் பையின் ஜிப்பைத் திறந்து ஸ்பேனரை எடுத்தான். பெரியவளின் இன்னொரு கையில் படிவம் இருந்தது. வாயு 1.9.

8

முடிவு ஒன்று. சிலிண்டரை மாற்றுகிறான். எண் ஏறுகிறது, மஞ்சள் விளக்கு அணைகிறது. பெரியவள் படிவத்தை நான்காக மடித்துப் பையில் போட்டு, "இப்ப அந்தத் தண்ணியைக் குடுங்க" என்கிறாள். திங்கட்கிழமை மேடம் செல்களை உறைய வைக்கிறார். இந்த முடிவில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்களாக இருக்கிறார்கள். பெரியவளின் தூக்கம் என்னவாயிற்று என்று இது சொல்லவில்லை.

முடிவு இரண்டு. ஸ்பேனரைப் பெட்டிமேல் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறான். இருவரும் நின்று, எண் பூஜ்யமாகிறவரை பார்க்கிறார்கள். யாருமில்லாமல் போகவேண்டாம் என்று. அவள் போனபோது இருவரும் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தார்கள். இந்த முடிவை எழுதும்போது மட்டும் எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது முடிவு அல்ல, நடந்தது.

பெரியவள் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். படிவத்தைப் பெட்டிமேல் வைத்தாள். மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடித்தாள். அவன் விடவில்லை, அவளும் விடவில்லை. இருவர் கையும் அதன்மேல் இருந்தபடியே கேட்டாள்:

"எந்தப் பக்கம் திருப்பணும்?"

அவன் சொன்னான். இந்தத் தடவை 'தெரியல' என்று சொல்லவில்லை. அது என் ஒருவன் முடிவுதான், அவள் எனக்கென்று வைத்துவிட்டுப் போனது. அதை எழுதிக் கொடுத்தால் உங்களுடையதாகிவிடும், நீங்கள் சரி என்பீர்கள், அல்லது தவறு என்பீர்கள். மன்னியுங்கள், கொடுக்க மாட்டேன். பதிலுக்கு அவளுடைய ஸ்டூலில் உங்களை உட்கார வைக்கிறேன். முதல் வில்லை, இரண்டாம் வில்லை. இது தெளிவா? இல்ல, இதுவா? ஒன்று பளிச்சென்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உட்காருங்கள்.

9

ரிப்போர்ட்டில் இரண்டு கட்டங்களும் இன்னும் வெறுமைதான். காரணம் என்ற கட்டத்தில் 'மறதி' என்று எழுதி, அடித்து, மேலே 'தெரி' வரை எழுதி

அன்று மாலை மெக்கானிக் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தான். பால் புளித்திருந்தது. கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி தேய்த்தான். பிறகு உள்ளே கைவிட்டுக் குமிழைத் தொட்டான்.

மூன்றில் இருந்தது. மூன்றில்தான் இருக்கிறது.